பாடியவர் கேட்க வேண்டிய கேள்வி

1503ஆம் ஆண்டில் மறைந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளில் ஏறத்தாழ 12,000 இன்று கிடைக்கின்றன. திருமலைச் செப்பேடுகள் சொற்களையும் இராகப் பெயர்களையும் காத்தன; மெட்டுகளோ பெரும்பாலும் மறைந்தன. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் 20ஆம் நூற்றாண்டில் அவற்றிற்குப் புதிதாக இசையமைத்தனர்.

இன்று சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர், வீட்டுக் கூடத்தில் தம்பூரா ஒலியோடு பாடிக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். மெட்டு நிலைக்கும், பிழையும் நிலைக்கும்.

அப்பதிவை உற்றார்க்கு அனுப்பினால் பாராட்டே வரும். அகில இந்திய வானொலியின் குரல் தேர்வில், பாடுபவர் யாரென அறியாமல் நடுவர் கேட்கும் முறை ஏற்பட்டது. நாமும், "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாக வினவுதல் வேண்டா. சுருதி எங்கே விலகுகிறது என்று இசையறிந்தவரைக் கேட்போம். தமிழெழுத்தில் எழுதிவைத்துப் பாடும் தெலுங்குப் பாட்டில், 'க' என்னும் ஓரெழுத்தே நான்கு ஒலிகளுக்கு நிற்கிறது; அங்கே நா தடுமாறுவதை அண்டைவீட்டுத் தெலுங்கரே உடனே உணர்வார். அவர் சுட்டும் ஒரு குறை, நூறு பாராட்டினும் பயனுடையது. அதைத் திருத்தி, மீண்டும் பாடிப் பதிவு செய்வோமாக.