நீங்க எந்த பேட்ச்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் வாசலில் பெயர் பதியும்போது, "சார், நீங்க எந்த பேட்ச்?" என்று ஒரு மாணவி கேட்டார். சாஃப்ட்வேர் வேலையிலேயே தலை நரைத்தவனுக்கு அந்த வார்த்தை வேறு மாதிரிதான் காதில் விழுகிறது. எங்கள் தொழிலில் பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த சட்டைக்குப் போடுவோமே, அதேதான். ஒரு புரோகிராமில் எந்த வரி போச்சு, எந்த வரி வந்தது என்பதை மட்டும் எழுதிய சின்னக் கோப்பு. போன வரிக்கு முன்னால் கழித்தல் குறி, வந்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. அவ்வளவுதான் சங்கதி. அதை எடுத்து இன்னொருவர் கோப்பில் ஒட்டுகிற 'பேட்ச்' என்ற புரோகிராமை லாரி வால் 1985-ல் எழுதினார். லினக்ஸ் கெர்னல் 1991-லிருந்து பத்து வருஷத்துக்கு மேல் இப்படி மின்னஞ்சலில் வந்த ஒட்டுகளாலேயே வளர்ந்தது. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' எழுதின பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சரித்திரம் போதும். நான் செய்த இரண்டு தப்புகளைச் சொல்கிறேன்.

ஒரு வாடிக்கையாளருக்கு பில்லிங் சாஃப்ட்வேர் கொண்டுபோக வேண்டும். அங்கே இன்டர்நெட் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு என் மெஷினில் இருந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் இழுத்துப் போட்டேன். கண்ணுக்குத் தெரியாத 'டாட் கிட்' ஃபோல்டரும் கூடவே போனது. அதற்குள் மொத்த வரலாறும் இருக்கும். என்றைக்கோ நாங்கள் அழித்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதில் பத்திரமாக இருந்தது! போதாக்குறைக்கு, அன்று மாலை நான் பாதியில் விட்ட ஒரு மாற்றமும் சேர்ந்து போய்விட்டது. மறுநாள் பில்லில் வரித்தொகை தப்பு. மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து கையால் சரிபார்த்தோம்.

'கிட் ஆர்க்கைவ்' என்று ஒரு கட்டளை போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. எந்தப் பதிப்பு என்று சொன்னால், களஞ்சியத்தில் அந்தப் பதிப்பில் பதிவான கோப்புகளை மட்டும் மூட்டை கட்டித் தரும். வரலாறும் வராது, அரைகுறையும் வராது. டார் கோப்பாக எடுத்தால் எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தது என்ற எண்ணும் உள்ளே பதிந்திருக்கும். பின்னால் சண்டை வந்தால் உதவும். சப்வெர்ஷனில் இதே வேலைக்கு 'எக்ஸ்போர்ட்' உண்டு. ஒரு எச்சரிக்கை: சப்மாட்யூல் வைத்திருந்தால் அதன் கோப்புகளை ஆர்க்கைவ் எடுக்காது, தனியாகத்தான் எடுக்கணும்.

இரண்டாவது தப்புதான் இன்னும் உறுத்துகிறது. அதே வரிக் கணக்கை ஒழுங்காகத் திருத்தியது புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி. அவர் மெஷினிலிருந்து வெறும் 'கிட் டிஃப்' வெளியீட்டை வாங்கி, என் மெஷினில் ஒட்டி, நானே கமிட் செய்தேன். டிஃப்பில் வரிகள் இருக்கும். எழுதினவர் பெயர் இருக்காது. பதிவில் என் பெயர் விழுந்தது. வருஷக் கடைசி மதிப்பீட்டில் மேலாளர் பார்த்தது அந்தப் பதிவைத்தான்.

அவர் 'ஃபார்மட்-பேட்ச்' போட்டுக் கொடுத்து நான் 'கிட் ஏ.எம்.' போட்டு ஏற்றியிருந்தால், எழுதியவர் பெயர், தேதி, ஏன் திருத்தினார் என்ற குறிப்பு எல்லாம் அப்படியே வந்திருக்கும். ஒட்டியவர் பெயர் தனியாகத்தான் நிற்கும். இரண்டு கட்டளை, அரை நிமிஷ வேலை.

அந்தத் தம்பி சண்டை போடவில்லை. ஒரே ஒரு தடவை, டீ குடிக்கும்போது, "சார், அது நான் போட்டதுதானே?" என்று கேட்டார். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். மதிப்பீடு முடிந்துவிட்டது என்றார். எட்டு மாசத்தில் தம்பி வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன். ப்ராஜெக்ட்டை பென் டிரைவில் தூக்கிக்கொண்டு திரிகிற மாணவர்கள் வாங்க, இரண்டையும் செய்து பார்த்துவிடலாம்.