நான் தவறு போட்ட விடை

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

‘உள்ளூர்ச் சூழலைக் கற்றல் வளமாக்குதல்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். வெற்றிக்கதை சொல்வதே இங்கு வழக்கம். நான் ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். தவறு என்னுடையதுதான்.

2022-ஆம் ஆண்டு. ஆடி அமாவாசை கழிந்த சனிக்கிழமை. பாபநாசம் ஆற்றங்கரை எப்படி இருக்கும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். நீராடுபவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போவார்கள். வேட்டி, சேலை, துண்டு என எல்லாம் கரையோரச் செடிகளில் சுற்றிக்கொண்டு கிடக்கும். எங்கள் பசுமைப் படை மாணவர்களைத் துணி அகற்றும் பணிக்கு அழைத்துப் போயிருந்தேன். இடுப்பளவுக்குக் கீழே தண்ணீர் உள்ள இடம், பெற்றோர் நான்கு பேர், கயிறு என்று எல்லாம் சரியாகவே செய்திருந்தோம்.

ஓரிடத்தில் சேறும் தண்ணீரும் கலந்த பள்ளம். அங்கே வாள்போல் நீண்ட இலைகளுடன் ஒரு புதர்ச்செடி கூட்டமாக நின்றது. இலை இடுக்கெல்லாம் துணி. துணியை மட்டும் பிரித்தெடுக்க நேரமாகும் என்று, “செடியோட பிடுங்கிருங்கப்பா, களைதான்” என்றேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும், “சார், அதப் பிடுங்காதீங்க. அது பூக்கும்லா” என்றாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவள். நான், “எல்லாச் செடியும்தான் பூக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் அந்தப் பள்ளம் ‘சுத்தமாகி’விட்டது. படமும் எடுத்துக்கொண்டோம்.

மூன்று வாரம் கழித்து வகுப்புத் தேர்வு. ‘விதையின் பாகங்களை எழுதுக’ என்பது ஒரு வினா. விதையுறை, விதையிலை, முளைவேர், முளைக்குருத்து என்று அந்த மாணவியும் சரியாகவே எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி கூடுதலாக: ‘சில விதைக்கு விதையுறை இருக்காது. மண்ணும் தண்ணீரும் இல்லாமலே முளைக்கும்.’ அந்த வரிக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, அரை மதிப்பெண் குறைத்தேன்.

மறுநாள் ஒரு காகிதப் பொட்டலத்துடன் வந்தாள். உள்ளே சின்ன வெங்காயத்தை விடக் கொஞ்சம் பெரிதாக, பச்சை நிறத்தில் மேடுபள்ளமான இரண்டு உருண்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முளை நீண்டிருந்தது. “அன்னைக்குப் பிடுங்குன செடியில காய் இருந்துச்சு சார். எடுத்துட்டுப் போயி சன்னல்ல வச்சிருந்தேன். தண்ணியே ஊத்தல. எங்க ஆச்சி அப்படித்தான் முளைக்கும்னு சொன்னாங்க.”

இருபது ஆண்டுகள் விதையைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். அந்த உருண்டையைப் பார்த்ததும் விதை என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை புத்தகங்களைத் தேடினேன். நாங்கள் பிடுங்கிய செடி கிரைனம் பேரினத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் கிரைனம் விவிபாரம். ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரம், சதுப்பு நிலம் ஆகியவையே அதன் வீடு. கிரேக்க மொழியில் லில்லியைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிரைனம் என்ற பெயர் வந்தது. ஆனால் குடும்பப்படி இது உண்மையான லில்லி அல்ல. நம் வெங்காயமும் பூண்டும் இருக்கும் அமரில்லிடேசி குடும்பம். அல்லியும்கூட ஆங்கிலத்தில் லில்லி என்று அழைக்கப்படுகிறது. அது வேறு குடும்பம். பெயர் ஒன்றாக இருந்தால் உறவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வகைப்பாட்டியல் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

‘விவிபாரம்’ என்றால் உயிருள்ள குட்டியை ஈனுவது என்று பொருள். கிரைனம் செடிகளின் சூலில் வழக்கமான சூலுறை கிடையாது. சூலுறையே இல்லாதபோது விதையுறை எங்கிருந்து வரும்? பருத்த, பசுமையான முளைசூழ்தசைதான் விதையின் பெரும்பகுதி. முளைப்பதற்கு வேண்டிய ஈரம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் சன்னல் பலகையில் முளைத்தது. காய் பழுத்து உடைந்தால் விதை தண்ணீரில் விழும், மிதந்து போகும், ஒதுங்கிய சேற்றில் வேர்விடும். ஓடும் ஆற்றின் கரையில் வாழும் செடிக்கு இது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு!

அந்த மாணவி எழுதியது முழுக்கச் சரி. மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவள் தாளை வாங்கி, சிவப்புக் குறியை அடித்து, அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்து, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். “நான் தவறாகத் திருத்திவிட்டேன்” என்று சொன்னேன். சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் கேள்விகள் கூடின. அவளும் பேசத் தொடங்கினாள்.

இந்தச் செடி அரியதா என்று கேட்பீர்கள். இந்த இனம் இந்தியாவில் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் இதன் உறவுகளைப் பாருங்கள். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், செம்பாறைப் பகுதியின் பருவகால ஓடையில் வாழும் ஒரு கிரைனத்தை 2012-இல்தான் அறிவியல் உலகம் புதிய இனமாக அறிந்தது. கிரைனம் மலபாரிக்கம் என்று பெயர். மிகச் சில ஓடைகளில் மட்டுமே அது உண்டு. தாய்லாந்தின் தெற்கே ஓடைகளில் வாழும் கிரைனம் தாயானம் அழிவுநிலையில் இருக்கிறது. ஓடைகளை இயந்திரம் வைத்துத் தூர்வாரியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டுக்கும் ஓடையை விட்டால் போக்கிடம் இல்லை.

நம் ஆற்றிலும் கரையைச் சிமெண்ட் இட்டு உயர்த்துகிறோம், வாய்க்காலைச் சமன்செய்கிறோம், ‘களை’ பிடுங்குகிறோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கி.மீ. ஓடுகிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே முடியும் வற்றாத ஆறு. அதன் ஓரத்துச் சேறு அழுக்கு அல்ல. அது ஒரு வாழிடம். எனக்கு இது புரிய ஒரு பள்ளம் காலியாக வேண்டியிருந்தது.

பிடுங்கிய செடிகளில் சில கிழங்குகள் கரைமேல் குவித்த குப்பையில் உயிரோடு கிடந்தன. அவற்றில் பாதியை அதே பள்ளத்தில் நட்டோம். மீதியைப் பள்ளியில், சத்துணவுத் தட்டு கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் நட்டோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரையில் நட்டவை போய்விட்டன. வேர் பிடிக்க ஓராண்டு போதவில்லை. சற்றுத் தள்ளி, நாங்கள் அன்று கை வைக்காமல் விட்ட ஒரு பழைய புதர் மட்டும் வெள்ளம் வடிந்த பிறகும் அங்கேயே நின்றது. பிடுங்க அரை மணி நேரம் போதும். திரும்ப வைக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று எனக்கு இன்னும் கணக்குத் தெரியவில்லை. பள்ளியில் நட்டவை 2024-இல் பூத்தன. வெள்ளைப் பூ, ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள். மாலையில் விரிந்து மணம் வீசும். பகலில் மட்டும் பள்ளியில் இருக்கும் நமக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை.

வகுப்பறைக்குச் சில யோசனைகள். தொடக்க வகுப்புக் குழந்தைகள் இதழ்களை எண்ணலாம், இலையை அளக்கலாம், மாலையில் வீட்டருகே எந்தப் பூ விரிகிறது என்று பார்த்து வந்து சொல்லலாம். தமிழாசிரியர்கள் குறிஞ்சிப்பாட்டின் பூக்களைப் பாடமாக நடத்தும்போது, ஊர்ப் பூக்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஆச்சி, தாத்தாக்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். உயர்நிலையில், அவரை விதையையும் இந்த விதையையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

எச்சரிக்கையும் உண்டு. கிரைனம் செடிகளின் கிழங்கில் நச்சுப்பொருள் உள்ளது. வாயில் வைக்கக் கூடாது. தொட்டால் கை கழுவ வேண்டும். இந்தப் பேரினத்தின் இன்னொரு செடிக்கு நம் முன்னோர் விஷமூங்கில் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கிருந்து ஓர் இலைகூட எடுத்து வரக் கூடாது. ஆற்றுக்குள் பிள்ளைகளை இறக்காமல் கரையில் நின்று பார்ப்பதே போதும்.

துணி அகற்றும் பணியை இப்போதும் ஆண்டுதோறும் செய்கிறோம். துணியை மட்டும் பிரித்தெடுக்கிறோம். ஒரு புதருக்குக் கால்மணி நேரம் கூடுதலாகிறது. தொடங்கும் முன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: “இங்க எதைத் தொடக் கூடாது? யாருக்காவது தெரியுமா?” யாராவது ஒருவர் கை தூக்குகிறார். அவர் சொல்லி முடித்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறோம்.