வகுப்பறையில் பேசுவது யார்?



பள்ளிக்கூடம் என்றதும் கட்டிடம், குடிநீர், சுற்றுச்சுவர் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை அவசியமே. ஆயினும் அச்சுவருக்குள்ளே நடைபெறும் பேச்சைப் பற்றி நாம் விசாரிப்பதில்லை. இன்று அதைக் குறித்தே சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அக்கொடியைக் கவாத்து செய்ய ஓர் இளைஞன் எவ்வாறு கற்கிறான்? பந்தலின் கீழே பெரியவரோடு நின்று, எந்தக் கிளையை வெட்டுவது, எத்தனை கணு விடுவது என்று கேட்கிறான். அவர் செய்து காட்டுகிறார். பிறகு கத்தரியை அவன் கையில் கொடுத்து, "ஏனப்பா அங்கே வெட்டினாய்?" என்று வினவுகிறார். சில பருவங்கள் சென்றபின் அவன் தனியே வேலை செய்கிறான். ருஷ்ய நாட்டு உளவியலறிஞர் வைகாட்ஸ்கி (1896–1934) கூறியதும் ஏறக்குறைய இதுவே. இன்று பிறர் துணையோடு செய்வதைக் குழந்தை நாளை தானே செய்யும். மனிதரிடையே நிகழும் பேச்சே பின்னர் அதன் உள்ளத்தில் சிந்தனையாகிறது.

இங்கிலாந்தில் சிங்க்ளேர், கூல்தார்டு என்ற இரு மொழியறிஞர்கள் வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்து 1975-இல் நூலாக வெளியிட்டனர். ஆசிரியர் கேட்பார், மாணவர் விடையளிப்பார், ஆசிரியர் "சரி" என்பார். இதுவே திரும்பத் திரும்ப வருவதைக் கண்டனர். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார், கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு விநாடியே காத்திருப்பதை 1974-இல் எடுத்துக்காட்டினார். மூன்று விநாடிக்குமேல் பொறுத்தபோது விடைகள் நீண்டன. வாய் திறவாத குழந்தைகளும் பேசின. மூன்று விநாடி! இதற்கு ஒரு பைசாவும் ஒதுக்க வேண்டியதில்லை.

"நம் பக்கத்து ஆறு எது?" என்றால் வகுப்பு முழுவதும் "முல்லைப் பெரியாறு" என்று ஒரே குரலில் கூவும். மேற்கே ஓடிய ஆற்றை 1895-இல் முடிந்த அணையால் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது ஏன் என்று கேட்டால், குழந்தை யோசிக்க வேண்டும். கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரை நம்பியிருக்கிறது. தகப்பனார் மடை திறப்பதைப் பார்த்த குழந்தைக்குச் சொல்ல நிறைய உண்டு.

நம் கவலை பேசாத குழந்தையைப் பற்றியது. இம்மாவட்டத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகள் பல. விடியலில் ஜீப் ஏறி இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மாரும் பலர். ஏலக்காய் தரம் பிரிப்பதைப் பற்றி ஆசிரியரே அறியாதவற்றை அக்குழந்தை கூறக்கூடும். அது கடைசி வரிசையில் மௌனமாக இருக்கிறது. (நம் கிராம சபையிலும் நான்கு பேர்தாமே பேசுகிறார்கள்!)

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கைப் பெற்றோருக்கு அளித்தது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமளித்தது. தலைமையாசிரியரின் இசைவு பெற்று ஒரு பாடவேளை பின்னால் உட்காருங்கள். ஆசிரியரிடம் குற்றம் காணச் செல்ல வேண்டாம். அறுபது கண்களை ஒருவர் கவனிப்பது எளிதன்று. எத்தனை குழந்தைகள் பேசின, எத்தனை குழந்தைகள் தாமே கேள்வி கேட்டன என்று ஒரு தாளில் கோடு இடுங்கள். பெயர் எழுத வேண்டாம். பாடம் முடிந்தபின் அத்தாளை ஆசிரியரிடமே கொடுத்து, அவரோடு அமர்ந்து பேசுங்கள்.