பிள்ளைகளும் பட்டையின் நிறமும்

1914-ஆம் ஆண்டில் பிரேசிலுக்குச் சென்ற ஜப்பானிய வீரர் மித்சுயோ மயேடாவின் வாயிலாக அந்நாட்டில் வேரூன்றிய மற்போர்க் கலை ஜியு-ஜித்சு. எதிராளியைத் தரையில் வீழ்த்தி, பிடிகளால் அடக்குவதே அதன் இயல்பு. இதனைப் பயிலும் பிள்ளைகள் வெள்ளைப் பட்டையில் தொடங்குகிறார்கள். சர்வதேசச் சம்மேளனத்தின் விதிப்படி 4 வயது முதல் சாம்பல், 7 முதல் மஞ்சள், 10 முதல் ஆரஞ்சு, 13 முதல் பச்சை நிறப் பட்டைகளைப் பெறலாம். நீலம் 16 வயதில்தான்.

இவ்வரம்பை இளம் பிள்ளைகளுக்கு அமைந்த காப்பு என்றே நான் கருதுகிறேன். பிடி இறுகும்போது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது இக்கலையின் முதற்பாடம். தட்டியவுடன் பிடியை விடுதல் எதிராளியின் கடமை. தட்டத் தயங்கினால் மூட்டுக்கு ஊறு நேரும். “உனக்குப் புதிய பட்டை எப்போது?” என்று வீட்டில் நாள்தோறும் கேட்கப்படும் பிள்ளை அவ்வாறு தயங்கக்கூடும்.

ஆகவே பெற்றோர்களே, “இன்று எந்தப் பிடியிலிருந்து விடுபடக் கற்றாய்?” என்று கேளுங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். தட்டிய பின் மீண்டும் எழுந்து பயில்கின்ற பிள்ளையைப் பாராட்டுங்கள். பட்டையை அளிக்கும் பொறுப்பு ஆசிரியருடையதாகவே இருக்கட்டும்.