வைகாசியில் செடியில் என்ன இருக்கும்?



வேளாண் பொருளியலிலும் கூட்டுறவு மேலாண்மையிலும் கணினி அறிவியலிலும் இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இன்னும் சில மாதங்களில் ஒரு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ புதிதாகத் தொடங்கிய ஏதோ ஒரு நிதி நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள். என்றாவது ஒருநாள், சிறு விவசாயிகளுக்கு ஒரு கடன் திட்டம் தயாரியுங்கள் என்று ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வரும். அந்த நாளை மனத்தில் வைத்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு அந்தக் கோப்பு வந்தபோது வயது இருபத்தாறு. கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பி விவசாயிகளுக்கான கடன். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள். சில்வர் ஓக் நிழல் தர, இடையில் மலைவாழை, மரத்தில் மிளகு, அடியில் காப்பி. நான் அறையில் உட்கார்ந்து பன்னிரண்டு சம தவணைகளாக ஓர் அட்டவணை போட்டேன். வட்டி சரியாக இருந்தது, கூட்டல் சரியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய் ஒரு கூட்டத்தில் வாசித்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து கேட்டார்: “ஏந்தம்பி, வைகாசியில செடியில என்ன இருக்கும்? பச்சைக் குருணிதான் இருக்கும். அதப் பறிச்சா தவணை கட்டச் சொல்றீங்க?”

காப்பிக்கு வருடத்தில் ஒருமுறைதான் பணம். மாசி, பங்குனியில் பூ மழை பெய்ய வேண்டும். பெய்தால் ஒன்பது, பத்து நாளில் மலை முழுக்க வெள்ளையாகப் பூக்கும். பிறகு பிஞ்சைத் தாங்க இன்னொரு மழை. ஐப்பசி, கார்த்திகையில் பழம் சிவக்கத் தொடங்கி தை, மாசி வரை எடுப்பு. எடுப்புக் கூலி கையில் ரொக்கமாக இருந்தாக வேண்டும். பழுத்த பழம் நாளைக்கு என்று காத்திருக்காது. ஆக, பணம் மிக அதிகமாகத் தேவைப்படும் மாதமும் பணம் வரத் தொடங்கும் மாதமும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. மற்ற மாதங்களில் வாழையும் மிளகும் குடும்பத்தை இழுத்துச் செல்லும். இந்தக் கணக்கு அந்த அம்மாவுக்கு மனப்பாடம். என் அட்டவணைக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் நான் அவரிடம் கேட்கவில்லை.

அன்று இரவு அதே ஊரில் தங்கினேன். ஒரு வியாபாரி வந்து நான்கைந்து வீடுகளில் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். கையெழுத்து இல்லை, பட்டா நகல் இல்லை, ஜாமீன் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியும். திருப்பி வாங்க எடுப்புக் காலத்தில் வருவார். வீட்டு வாசலுக்கே வரும், தேவைப்படும் நாளில் வரும், காய்க்கும் நாளில் திரும்பக் கேட்கும் கடன் அது. அதிலுள்ள ஒரே கேடு விலை: மூட்டைக்கு அவர் எவ்வளவு குறைத்துக்கொள்கிறார் என்பது எந்தத் தாளிலும் இல்லை. வியாபாரியைத் திட்டுவது எளிது. அவருடைய கடனில் எது விவசாயிக்குப் பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் அவரை வெல்ல முடியாது. மத்திய அமெரிக்காவில் இதே ஆளைக் கொயோட்டே என்கிறார்கள். அது ஓநாய் இனத்து விலங்கு ஒன்றின் பெயர். பெயரில்தான் வித்தியாசம்.

மலையில் இருப்பவருக்கும் நியூயார்க்குக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அரபிக்கா காப்பியின் விலைக்கு உலகம் பார்ப்பது நியூயார்க் முன்பேரச் சந்தையை. அங்கே ஒரு ஒப்பந்தத்தின் அளவு 37,500 பவுண்டு, அதாவது சுமார் 17 டன். இரண்டு ஏக்கர்காரருக்கு ஒரு டன் பார்ச்மெண்ட் (பழத்தோல் நீக்கி உலர்த்திய கொட்டை) கிடைத்தாலே நல்ல மகசூல். அந்தச் சந்தையின் வாசல் அவருக்கு எட்டாது. அதன் இடி மட்டும் எட்டும். 1989 ஜூலையில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின்கீழ் விலையைத் தாங்கிவந்த ஏற்றுமதிப் பங்கீடு முறிந்தது. 2001இல் பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே விலை போனது. நம் நாட்டில் 1942 முதல் காப்பி வாரியமே எல்லாக் காப்பியையும் வாங்கித் தொகுத்து விற்றுவந்தது; 1990களில் அந்தக் கட்டாயம் விலகியதால் விவசாயிக்குச் சுதந்திரம் வந்தது, கூடவே விலையின் முழு பாரமும் வந்தது.

2001இன் விலை வீழ்ச்சிக்குப் பின் 2003இல் நம் அரசு ஒரு விலை நிலைப்படுத்தல் நிதியை உருவாக்கியது. 500 கோடி ரூபாய் நிதி. காப்பி, தேயிலை, ரப்பர், புகையிலை பயிரிடும், 4 ஹெக்டேருக்குள் நிலமுள்ள விவசாயிகளுக்கு. விலை சரிந்த ஆண்டில் விவசாயியின் கணக்கில் அரசு 1,000 ரூபாய் போடும். விலை உயர்ந்த ஆண்டில் விவசாயி 1,000 ரூபாய் போட வேண்டும். நல்ல நோக்கம். நல்ல ஆண்டில் சேர்த்து கெட்ட ஆண்டில் எடுப்பது நம் பாட்டிமார் அடுக்களையில் செய்ததுதான். ஆனால் ஒரு பருவத்து நஷ்டத்தின் முன்னால் அந்த 1,000 ரூபாய் எங்கே நிற்கும்? எதிர்பார்த்த அளவுக்கு விவசாயிகள் சேரவில்லை. பத்தாண்டு கழித்து 2013இல் அது முடிவுக்கு வந்தது. அந்தத் தொகையை முடிவு செய்யும் முன் ஒரு மலைக்கிராமத்துத் திண்ணையில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் போதும், தொகை தவறு என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

மழைக் காப்பீட்டிலும் இதே கதை. பூ மழை பொய்த்தால் இழப்பீடு என்று காப்பி வாரியம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மழைமானியில் பதிவாகும் அளவை வைத்து இழப்பீடு. மலையில் இந்தச் சரிவில் கொட்டும். அடுத்த சரிவில் தூறல்கூட விழாது. மானி இருக்கும் சரிவில் பெய்தது, தன் தோட்டத்தில் பெய்யவில்லை என்றால் கட்டிய பிரீமியமும் போய் பூவும் போய் நிற்பார் விவசாயி. காப்பித் தோட்டங்களில் தினமும் மழைக் கணக்கு எழுதிவைக்கும் பழக்கம் தலைமுறைகளாக உண்டு. மானியை எங்கே நட வேண்டும் என்று அந்த நோட்டுப் புத்தகங்கள் சொல்லும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். விலை விழுந்தால் என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கருவிகள் செய்கிறோம். நான் பார்த்த வரையில் கூட்டுறவுச் சங்கங்களை உடைப்பது விலை ஏற்றம்.

கொலம்பியாவில் 2021இல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த நாட்டில் விவசாயிகளின் சம்மேளனம் 1927 முதல் இருக்கிறது. ஊருக்கு ஊர் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. சங்கங்கள் விவசாயிகளுடன் முன்விலை ஒப்பந்தம் போட்டன: அடுத்த அறுவடையில் இத்தனை கார்கா தருகிறேன், விலை இன்றே முடிவு. கார்கா என்பது 125 கிலோ பார்ச்மெண்ட். விலை தாழ்ந்திருந்த காலத்தில் இது விவசாயிக்குத் தெம்பாக இருந்தது. சங்கம் அதே காப்பியை ஏற்றுமதியாளர்களுக்கு முன்கூட்டியே விற்றுவிட்டது. 2021 ஜூலை 20 அன்று பிரேசிலில் கடும் உறைபனி. ஆண்டின் தொடக்கத்தில் பவுண்டுக்கு 1.25 டாலர் அளவில் இருந்த நியூயார்க் விலை ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய இரு மடங்கானது. உர விலையும் கூடவே ஏறியது. கொலம்பியாவில் மழை மிஞ்சி மகசூலும் குறைந்தது. பாதி விலைக்குச் சங்கத்தில் போடுவதா, வாசலில் நிற்கும் வியாபாரிக்கு முழு விலைக்கு விற்பதா? 10 லட்சம் மூட்டை வரை, அந்த நாட்டின் மகசூலில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு, சங்கங்களுக்கு வந்து சேரவில்லை. வராத காப்பிக்குச் சங்கங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது, கடனில் மூழ்கின.

விவசாயிகள் வாக்குத் தவறினார்கள் என்று பலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விலை இறங்கினால் காக்கும், ஏறினால் கழுத்தை நெரிக்கும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு, நெரிபட்டவரைக் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. 2011இல் விலை 3 டாலரைத் தாண்டியபோதும் லத்தீன் அமெரிக்காவில் பல சங்கங்கள் இதே மாதிரி அடிபட்டிருந்தன. பத்தாண்டு இடைவெளியில் அந்தப் பாடத்தை ஒப்பந்தத்தின் வாசகத்துக்குள் யாரும் கொண்டுவரவில்லை.

விலை ஏற்றத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 பிப்ரவரியில் நியூயார்க் விலை 4 டாலரையும் தாண்டிப் போனது. நூறு மூட்டை வாங்கச் சங்கத்துக்கு முன்பு எவ்வளவு ரொக்கம் வேண்டுமோ அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அப்போது வேண்டியிருந்தது. கடன் வரம்போ பழைய விலையில் போட்டது. பெட்டியில் பணம் தீர்ந்த அன்று உறுப்பினர் வியாபாரியிடம் போவார். அதில் துரோகம் ஏதும் இல்லை, எடுப்புக் கூலி மாலையில் கொடுத்தாக வேண்டும். நியாய வணிக (ஃபேர்டிரேட்) தரத்தின்படி, சங்கம் கேட்டால் வாங்குபவர் ஒப்பந்த மதிப்பில் 60 சதவீதம் வரை முன்கூட்டியே தர வேண்டும். ரூட் கேப்பிட்டல் போன்ற நிறுவனங்கள் நிலத்தை அடமானம் கேட்காமல் ஏற்றுமதி ஒப்பந்தத்தையே ஈடாக வைத்துக் கடன் தருகின்றன: வாங்குபவர் பணத்தை நேராகக் கடன் கொடுத்தவருக்கு அனுப்ப, அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைச் சங்கத்துக்குத் தருகிறார். எளிய ஏற்பாடு. நிலமே இல்லாத சங்கத்துக்கும் அதன் காப்பியை நம்பிப் பணம் கிடைக்கிறது.

கீழ்மலைக்குத் திரும்புகிறேன். கொலம்பியாவில் நடந்ததை அங்கே ஒரு சங்கக் கூட்டத்தில் விவரமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு, விலை இரட்டித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சங்கத்துக்கு வெகுகாலம் உழைத்த ஒரு பெரியவர் எழுந்து, “வெளியதான் விப்பேன். என்னால முடியாது” என்றார். அந்த உண்மைக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். அவர் அதைச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் வாய் திறந்தார்கள். எதிர்பார்க்கும் மகசூலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்விலை பேசக் கூடாது என்றார் ஒருவர். விலை இந்தக் கோட்டைத் தாண்டினால் மிச்சத்தில் பாதி உறுப்பினருக்கு என்று எழுதுங்கள் என்றார் இன்னொருவர். தோட்டத்தில் பழம் எடுப்பது நாங்கள், பணம் ஏன் வீட்டுக்காரர் கணக்குக்கு மட்டும் போகிறது என்று பெண்கள் கேட்டார்கள். இவை எதுவும் என் மூளையில் உதித்தவை அல்ல.

முன்பேரச் சந்தையில் விற்கும் உரிமையை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. பாடப் புத்தகத்தில் அதற்கு நான்கு பக்கம். அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், “அப்ப இது அச்சாரம் மாதிரிதானே?” ஆம், அதே. அச்சாரம் கொடுத்தவர் வேண்டாம் என்று விலகினால் அச்சாரம் மட்டும்தான் போகும். விலை விழுந்தால் பேசிய விலைக்கு விற்கலாம். ஏறினால் அச்சாரத்தை மறந்துவிட்டுச் சந்தையில் விற்கலாம். தனி ஆளால் முடியாது. சங்கம் சேர்ந்து 17 டன் திரட்டினால் முடியும். அச்சாரத் தொகை சில ஆண்டுகளில் கட்டுப்படியாகாத அளவுக்கு இருக்கும், அதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் நானும் இன்னொரு வியாபாரி.

ஒப்பந்தத் தாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் முன்னோர் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து நடந்தும் படகேறியும் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். வழிச்செலவுக்கு, ஆள் சேர்த்து அழைத்துச் சென்ற கங்காணி முன்பணம் கொடுத்தார். அந்த முன்பணம் தீராத கடனாக வளர்ந்தது. 1869இல் அங்கே இலைத்துரு நோய் கண்டு, காப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறியும் கடன் மாறவில்லை. இத்தனை கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அந்தத் துண்டை வைத்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்கள் கைமாறினார்கள். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. அதுவும் ஒரு நிதிக் கருவிதான், மாணவர்களே. அதில் யாருடைய பெயர் இருந்ததோ அவர்களில் பெரும்பாலோரால் அதைப் படிக்க முடியவில்லை. கைப்பேசியில் விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்னும் செயலிகளை உங்களில் சிலர் எழுதப் போகிறீர்கள். அந்தக் கட்டத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது, எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குத் துண்டு நினைவுக்கு வருகிறது.

ஆகவே, கீழ்மலைச் சங்கத்தின் ஒப்பந்தத்தை முதலிலேயே தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு மொழிபெயர்ப்பது இல்லை. இரண்டு வரைவுகளைப் பொதுக்குழு திருப்பி அனுப்பிவிட்டது. முதல் வரைவில் ‘பொருந்தக்கூடிய சந்தை விலை’ என்று ஒரு சொற்றொடர் இருந்தது. எந்த ஊர் விலை, எந்த நாள் விலை என்று கேட்டார்கள். இரண்டாவதில், மறுநடவு செய்த செடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும், அதுவரை அசலைத் தொடக் கூடாது என்ற வரி விடுபட்டிருந்தது. மூன்றாவது வரைவு தயார். எடுப்பு தொடங்கும் முன், ஐப்பசி முதல் வாரத்தில் பண்ணைக்காட்டில் பொதுக்குழு கூடுகிறது. வரி வரியாக வாசித்துக் காட்ட வேண்டும். விலை பாதியானால் என்ன, இரட்டித்தால் என்ன என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் மூட்டைக் கணக்கிலேயே போட்டுக் காட்ட வேண்டும். இருநூறுக்கு மேல் குடும்பங்கள். எங்களிடம் இருப்பது நான்கு பேர். வத்தலக்குண்டிலிருந்து மலைக்குப் பேருந்து உண்டு. வர விரும்புகிறவர்கள் விழா முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் என்னைப் பாருங்கள். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வந்தால் போதும். தங்க இடம் அந்த அம்மா வீட்டில்.