தமிழ் பேசாத நம் உறவுகள்: மலாக்கா செட்டிகள்

வேலை முடிந்த களைப்போடு பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கும் அம்மாமார்களே, ஐயாமார்களே, நன்றி. சட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு கம்போங்கிலிருந்து தொடங்குகிறேன்.

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் கம்போங் செட்டி இருக்கிறது. அங்குள்ளவர்கள் வட்டிக்கடை வைத்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அல்லர். இவர்களின் முன்னோர் மலாக்கா சுல்தான்கள் காலத்தில், அதாவது 1511இல் போர்த்துக்கீசியர் நகரைப் பிடிப்பதற்கு முன்பே, வணிகத்துக்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கியவர்கள். நம் பாட்டன்மார் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியது அதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து.

வீட்டில் பேசுவது மலாய். பெண்களின் உடை சாரோங் கெபாயா. பெயரிலோ பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்று ஒட்டியிருக்கும். கும்பிடுவது மாரியம்மனையும் விநாயகரையும். பொற்கொல்லர் தெருவான ஜாலான் துக்காங் எமாசில் இவர்கள் 1781இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது.

பொங்கலுக்கு முதல் நாள், போகியன்று, 'பார்ச்சு' வைப்பார்கள். இறந்துபோன தாத்தா பாட்டிக்குப் பிடித்ததெல்லாம் வாழை இலையில் வரும். நாசி லெமாக், சம்பல், கறி, கூவே எல்லாம் உண்டு. விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, முன்னோர் சாப்பிடட்டும் என்று குடும்பமே சற்று ஒதுங்கி நிற்கும். பிறகுதான் வீட்டாருக்குச் சாப்பாடு. பழக்காலத்தில் பழங்களை வைத்து இன்னொரு பார்ச்சும் உண்டு. நம் வீட்டுப் படையல்தானே இது? இலையில் இருப்பது மட்டும்தான் வேறு.

சட்டம் படிக்கும் காலத்தில் நானும் சிரித்தவன்தான். "தமிழே தெரியாத தமிழனா?" என்று கேட்டிருக்கிறேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆவது பிரிவு 'மலாய்க்காரர்' யார் என்று சொல்கிறது: இஸ்லாத்தைத் தழுவியவர், வழக்கமாக மலாய் பேசுபவர், மலாய் வழக்கங்களைப் பின்பற்றுபவர். (பிறப்பு, குடியிருப்பு பற்றிய நிபந்தனையும் உண்டு.) செட்டிகளுக்கு மொழி இருக்கிறது, வழக்கத்திலும் பெரும்பகுதி இருக்கிறது. மதம்தான் வேறு. ஆகவே 153ஆவது பிரிவின் சிறப்பு நிலை அவர்களுக்கு இல்லை. 'பூமிபுத்திரா' என்ற சொல்லே அரசியலமைப்பில் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்நூறு ஆண்டு மண்ணில் இருந்தவர்கள், பாரத்தில் 'இந்தியர்' என்ற கட்டத்தில் கோடு போடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் நாம் இருக்கிறோம். நாமோ அவர்களைப் பார்த்து, நீ எங்கள் ஆளில்லை என்கிறோம். எத்தனை காலம் இருந்தால் ஒருவர் இந்நாட்டுக்காரர் என்று நாம் வாதாடும்போதெல்லாம், அதற்குச் சாட்சியாக முன்னால் நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

2008இல் மலாக்கா நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். ஆனால் கம்போங் வீடுகளைச் சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுகின்றன, இளையவர்கள் வேலை தேடி வெளியூர் போகிறார்கள். கோயிலைக் காட்டிப் படம் எடுக்கிற கூட்டத்தில், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறவர் குறைவு.

வரும் ஜனவரியில் ஒரு வேன் பிடித்து, கேட்டுக்கொண்டு, அனுமதியோடு போகலாம் என்றிருக்கிறோம். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லி அழைத்து வாருங்கள்: அங்கே யாருக்கும் தமிழில் சோதனை வைக்கக்கூடாது.