மின்கட்டணத்தில் கரையும் முதல்





வியாபாரத்தில் நெருக்கடி வரும்போது நாம் முதலில் எதில் கை வைக்கிறோம்? பெரும்பாலும் ஊழியர்களிடம்தான். நால்வர் செய்த வேலையை மூவர் செய்யட்டும் என்கிறோம். இவ்வாண்டு ஊதிய உயர்வு இல்லை என்கிறோம். பெருநாள் போனஸைப் பாதியாக்குகிறோம். அதே கடையின் மாடியில், ஆளில்லாத அறையில் குளிர்சாதனம் ஓடிக் கொண்டிருக்கும். கணக்குப்பிள்ளை மின்கட்டணச் சீட்டைக் கொண்டு வந்து நீட்டினால், தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கையொப்பமிடுகிறோமே தவிர, இது ஏன் இவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. தொழிலாளியின் கூலி நம் கண்ணுக்குக் குறைக்கத்தக்க செலவாகத் தெரிகிறது. மின்சாரமோ வெயிலையும் மழையையும் போலத் தவிர்க்க முடியாத ஒன்றாகத் தெரிகிறது. இந்தக் கணக்கு தலைகீழானது என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வீண்விரயம் பற்றிய எச்சரிக்கை பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்களில் உள்ளதை அறிவீர்கள். உறங்கும் முன் விளக்கை அணைக்கச் சொல்லும் நபிமொழியையும் அறிவீர்கள். இரண்டாவதை மின்சிக்கனத்துக்கு நேரடி ஆதாரமாகச் சிலர் காட்டுகின்றனர். அது சரியன்று, எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடும் என்ற ஆபத்தே அங்கே சொல்லப்பட்ட காரணம். ஆதாரத்தை இழுத்து நீட்ட வேண்டிய தேவை நமக்கில்லை. விரயம் விரயமே, அதில் நஷ்டமும் சேர்ந்திருக்கிறது என்பதற்கு வியாபாரக் கணக்கே போதும்.

நூறு ரூபாய் விற்றுமுதலில் ஐந்து ரூபாய் லாபம் காணும் ஒரு வியாபாரியை எடுத்துக் கொள்ளுங்கள். அவர் மாதம் 10,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டுமானால் 2 லட்சம் ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். அதற்குச் சரக்கு வேண்டும், கடன் கொடுக்க வேண்டும், கொடுத்த கடன் திரும்ப வேண்டும். அதே 10,000 ரூபாயை மின்கட்டணத்தில் மிச்சப்படுத்தினால், அது முழுவதும் அப்படியே கல்லாப் பெட்டியில் தங்குகிறது. வாடிக்கையாளரின் மனம் மாறினாலும், சந்தை சரிந்தாலும், அந்த மிச்சம் மாதந்தோறும் வந்து கொண்டிருக்கும்.

ஒரு மின்விசிறியையே பாருங்கள். பழைய கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி அதே காற்றை 30 வாட்டில் தருகிறது. நாளொன்றுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடும் கடையில், ஒரு விசிறிக்கு 162 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் சுமார் 1,300 ரூபாய். விசிறியின் விலை 3,000 ரூபாய் என்றாலும் இரண்டரை ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

ஆலை நடத்தும் சகோதரர்களுக்கு இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. பத்துக் குதிரைத் திறன் கொண்ட ஒரு மோட்டார் முழுச் சுமையில் ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால், 50,000 யூனிட்டுக்கு மேல் விழுங்கும். அதே 8 ரூபாய்க் கணக்கில் 4 லட்சம் ரூபாய்! மோட்டாரின் விலையோ சில பத்தாயிரங்கள்தாம். வாங்கும்போது விலையில் ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கப் பாடுபடும் நாம், அதன் பிறகு ஆண்டுதோறும் அதன் விலையைப் போல் பல மடங்கைக் கேள்வியின்றிச் செலுத்துகிறோம். 88 சதவீதத் திறனுள்ள மோட்டாருக்குப் பதில் 91 சதவீதத் திறனுள்ளதை வாங்கியிருந்தால், ஆண்டுக்கு 13,000 ரூபாய் மிச்சமாகியிருக்கும். எரிந்து போன மோட்டாருக்குத் திரும்பத் திரும்பக் காயில் கட்டி ஓட்டுவதைச் சிக்கனம் என்று நினைப்போரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். காயில் சரியாகக் கட்டப்படாவிட்டால் மோட்டாரின் திறன் குறைகிறது.

காற்றழுத்தக் கம்பிரஸர் வைத்திருப்போர், இயந்திரங்கள் நின்ற பிறகு ஆலைக்குள் சென்று காது கொடுத்துக் கேளுங்கள். 'உஸ்' என்ற ஓசை கேட்டால், அது பணம் கசியும் ஓசை. கவனிப்பாரற்ற ஆலைகளில் கம்பிரஸர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை இப்படிக் கசிவது சாதாரணம். அடைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

சுழல் இறைப்பான்களும் பெரிய விசிறிகளும் ஓடும் இடங்களில் இன்னொரு வியப்பு உண்டு. அவற்றின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு குறைவதில்லை, ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. வேகத்தின் மூன்றாம் மடிக்கு ஏற்ப மின்தேவை மாறுவதே காரணம். முழு வேகத்தில் ஓட்டி வால்வை மூடி அடைப்பது, காரின் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பதற்கு ஒப்பாகும்.

சகோதரர்களே! இவை சிறு வியாபாரிகளின் அற்பக் கணக்குகள் என்று எவரும் எண்ண வேண்டாம். நியூயார்க்கில் 1931இல் கட்டப்பட்ட, 102 மாடிகள் கொண்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் புதுப்பிக்கும் பணி 2009இல் அறிவிக்கப்பட்டது. அங்கே 6,514 ஜன்னல்கள் இருந்தன. அவற்றைக் கழற்றி எறிந்து புதியவை வாங்கவில்லை. கட்டடத்தின் ஐந்தாம் மாடியிலேயே ஒரு பட்டறை அமைத்தார்கள். ஜன்னல்களை அங்கே கொண்டு வந்து, பழைய கண்ணாடிகளுக்கிடையே வெப்பம் தடுக்கும் மெல்லிய படலத்தையும் வாயுவையும் அடைத்து, மீண்டும் பொருத்தினார்கள். அறைச் சூடேற்றிகளுக்குப் பின்னால், வெப்பம் சுவர் வழியே வெளியேறாதபடி தடுப்பு வைத்தார்கள். விளக்குகளைக் குறைத்தார்கள்.

இதில் படிப்பினை எங்கே இருக்கிறது தெரியுமா? குளிரூட்டும் சில்லர் இயந்திரங்களில்தான். அவற்றை மாற்றிப் பெரியவை வைக்கும் எண்ணம் முன்பு இருந்தது. ஆனால் ஜன்னல்களையும் விளக்குகளையும் முதலில் சரிசெய்ததால் கட்டடத்தின் வெப்பச் சுமையே குறைந்தது. பழைய சில்லர்களைச் செப்பனிட்டாலே போதும் என்றாயிற்று. ஆகவே ஜன்னலுக்குச் செலவிட்ட பணம், இயந்திரத்துக்குச் செலவாக இருந்த பணத்தை மிச்சப்படுத்தியது. எரிசக்திச் சிக்கனத்துக்காக ஆன கூடுதல் செலவு 1.32 கோடி டாலர்; எதிர்பார்த்த சேமிப்பு ஆண்டுக்கு 44 லட்சம் டாலர். மூன்றாண்டில் முதல் திரும்பும் கணக்கு இது. முதலாண்டு அளந்து பார்த்தபோது, ஒப்பந்தத்தில் உறுதியளித்ததைக் காட்டிலும் 5 சதவீதம் கூடுதலாகவே மிச்சமாயிருந்தது; அதன் மதிப்பு 24 லட்சம் டாலர்.

நாம் செய்வது என்ன? வெயில் கொட்டும் மொட்டைமாடியை அப்படியே விட்டுவிட்டு, அறை குளிரவில்லை என்று இரண்டாவது ஏசி வாங்குகிறோம். மாடியில் வெண்ணிற ஓடு பதித்து, மேற்குச் சுவரின் ஜன்னலுக்கு நிழல் அமைத்த பின்பு பாருங்கள். ஒரு ஏசியே போதுமானதாக இருக்கக்கூடும். அதையும் 18இல் வைக்காமல் 24இல் வையுங்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது நம் நாட்டு எரிசக்தித் திறன் துறையின் கணக்கு. நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியிலேயே இயங்கத் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதியும் உள்ளது. ஏசி வந்தவுடன் ரிமோட்டை எடுத்து 18க்கு இறக்குபவரை விதி என்ன செய்ய முடியும்?

நம் நாட்டிலும் நல்ல உதாரணங்கள் இல்லாமலில்லை. ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் பசுமைக் கட்டட மையத்தை, அன்றைய குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் 2004 ஜூலை 14 அன்று திறந்து வைத்தார். அங்கே நடு முற்றம் உண்டு, சூரிய ஒளியை வடிகட்டும் ஜாலிச் சுவர் உண்டு, உள்ளே செல்லும் காற்றை முன்கூட்டியே குளிர்விக்கும் காற்றுக் கோபுரங்களும் உண்டு. பாரசீகத்திலும் வளைகுடா நாடுகளிலும் முன்னோர் மின்சாரமின்றி வீடுகளைக் குளிர்வித்த முறை அது. நம் ஊர்களில் முற்றம் வைத்த வீடுகளை இடித்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் எழுப்பி, அதற்குள் ஏசி வைத்துப் பெருமைப்படுகிறோம்.

அதே நகரில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011இல் ஒரு கட்டடத்தை இரு சம பாதிகளாகக் கட்டியது. ஒரு பாதியில் வழக்கமான குளிர்சாதனம். மறுபாதியில் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்நீரை ஓட விட்டுக் குளிர்விக்கும் முறை. ஒரே வெயில், ஒரே வகை வேலை. இரண்டாம் பாதி மூன்றில் ஒரு பங்கு குறைவாக மின்சாரம் எடுத்தது. அமைக்கும் செலவும் கூடவில்லை. சிக்கனம் என்றால் கூடுதல் முதலீடு என்று வாதிடுவோருக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் அறியேன்.

வாடகைக்கு விடுவோரிடம் ஒரு வார்த்தை. கடையைக் கட்டுபவர் நீங்கள். மின்கட்டணம் செலுத்துபவர் வாடகைதாரர். ஆகவே விலை மலிவான ஏசியையும், வெயிலைத் தடுக்காத கூரையையும் அமைத்துவிட்டு ஒதுங்கிக் கொள்வது எளிது. உங்கள் மிச்சத்துக்கான விலையை, பத்தாண்டுகள் மாதந்தோறும் இன்னொருவர் செலுத்துகிறார். குறையுள்ள சரக்கின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று கடைவீதியில் பேணும் ஒழுங்கு, கட்டடத்துக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா? வாடகைதாரரும் முன்பணம் கொடுக்கும் முன் சென்ற கோடைகால மின்கட்டணச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாமே!

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் இதில் பங்குண்டு. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் மஸ்ஜித் 1978இல் திறக்கப்பட்டது. அதைப் புதுப்பித்தபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள் பொருத்தினார்கள், தண்ணீர்ச் செலவையும் குறைத்தார்கள். உலக வங்கிக் குழுமத்தின் 'எட்ஜ்' பசுமைச் சான்றிதழை 2022இல் பெற்ற முதல் வழிபாட்டுத் தலம் அதுவே. வக்ஃபின் பணம் அமானத்; ஐந்து வேளைத் தொழுகை முடிந்த பின்பும் சுழன்று கொண்டிருக்கும் விசிறிக்கு முத்தவல்லிதான் பொறுப்பாளி.

பணத்துக்கு எங்கே போவது, வட்டிக்கு வாங்கச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். எரிசக்திச் சேவை நிறுவனங்கள் என்றொரு வகை உண்டு. சில ஒப்பந்தங்களில் அவர்களே கருவிகளைத் தம் செலவில் பொருத்துவார்கள். மிச்சமாகும் தொகையில், பேசிய காலம் வரை பங்கு எடுத்துக் கொள்வார்கள். இது கூட்டு வியாபாரத்தின் சாயலில் இருந்தாலும், உள்ளே என்னென்ன ஷரத்துகள் இருக்கின்றன என்பதை விவரமறிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டிய பின்பே கையொப்பமிடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். மிச்சம் எவ்வளவு என்பது பழைய செலவு எவ்வளவு என்பதை வைத்தே கணக்கிடப்படும். உயர் அழுத்த மின் இணைப்புள்ள ஆலைகள் யூனிட்டுக்கு மட்டுமன்றி, மாதத்தின் உச்ச மின்கேட்புக்கும் தனியே கட்டணம் செலுத்துவதால், அந்த அளவும் கணக்கில் சேர வேண்டும். ஆகவே சென்ற பன்னிரண்டு மாதச் சீட்டுகளைத் தேடி எடுத்து, யூனிட்டையும் உச்சக் கேட்பையும் மாதவாரியாக ஒரு தாளில் எழுதி வைத்துக் கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். அந்தத் தாள் உங்களிடம் இல்லையென்றால், பழைய செலவை அவர்களே எழுதிக் கொள்வார்கள்.